நம்ம ரூபாயிலேயே போடு

வேலுசாமி கொடைக்கானல் பேருந்து நிலையத்தில் நின்று "வத்தலக்குண்டு!" என்று ஒரு குரல் விட்டால், வத்தலக்குண்டில் கொட்டடியில் கட்டிக்கிடக்கிற எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு, மலைப்பாதையின் அத்தனை வளைவையும் ஏறி வந்து, ஜன்னலோரச் சீட்டில் உட்கார்ந்துகொண்டு டிக்கெட் கேட்கும். மூடுபனி அந்தச் சத்தத்துக்கு இரண்டாகப் பிளந்து, ஒரு பஸ் போகிற அகலத்துக்கு மட்டும் வழிவிட்டு நிற்கும். பழனியில் முடி இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் பாதி மொட்டையோடு எழுந்து, "கடைசி வண்டியா?" என்று கேட்டதாகவும் சொல்வார்கள். யார் சொல்வார்கள் என்று கேட்கக் கூடாது.

இதில் முக்கால் பங்கைக் கழித்தாலும் மிச்சமிருப்பது பெரிய குரல்தான். வேலுசாமியின் பிழைப்பே கூவுவது. வேனிலும் தனியார் பஸ்ஸிலும் ஆள் சேர்க்க வேண்டும். வண்டி நிறைந்தால் டிரைவர் கையில் ஏதாவது அழுத்திவிட்டுப் போவார். சித்திரையும் வைகாசியும் சீசன். மலை தாங்காத கூட்டம். அந்த இரண்டு மாதம் கூவிச் சேர்த்ததுதான் ஐப்பசி மழையில் அடுப்பெரிக்கும்.

2005-ல் அந்தத் தொண்டையில் கட்டி வந்தது. மதுரையில் டாக்டர் குரல்வளையையே எடுத்துவிட்டார். கழுத்தில் ஓர் ஓட்டை வைத்து, இனி மூச்சு இந்த வழியாக என்றார். பேச்சு எந்த வழியாக என்று திருப்பிக் கேட்க வேலுசாமிக்கு வாய் இருந்தது, சத்தம் இல்லை.

ஆறு மாதம் ஊமையாகத் திரிந்தார். அப்புறம் நாயுடுபுரத்தில் குடியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா, வீட்டைக் காலி செய்துவிட்டுச் சொந்த நாட்டுக்குப் போகும்போது அவரைக் கூப்பிட்டு ஒரு கருவியைக் கொடுத்தார். இறந்துபோன அவருடைய கணவருக்கும் இதே தொண்டைதான், இதே ஓட்டைதான். டார்ச் லைட் மாதிரி இருந்தது கருவி. கழுத்தில் அழுத்திப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு வாயை அசைத்தால், தகர டப்பாவில் அடைத்த வண்டு தமிழ் பேசுகிற மாதிரி ஒரு குரல் வரும். ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. கோபமும் அதே சுருதி, கொஞ்சலும் அதே சுருதி.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மனைவியின் எதிரில் நின்று கருவியை வைத்துக்கொண்டு, "மாரியாயி, சோறு" என்றார். மாரியாயி சிரித்த சிரிப்பில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் எழுந்து போய், ஏற்கனவே கழுவி வைத்திருந்த அரிசியை மறுபடியும் வெகுநேரம் கழுவினாள்.

ஒரு கையில் கருவி, இன்னொரு கையில் மைக். வேலுசாமி திரும்பவும் பேருந்து நிலையத்துக்கு வந்துவிட்டார். "வத். தலக். குண்டு. பெரிய. குளம். தேனி." சுற்றுலா வந்த பிள்ளைகள் ரோபோ மாமா என்று சுற்றி நின்றன. பிள்ளைகள் நின்ற இடத்தில் பெற்றவர்கள் நின்றார்கள், நின்றவர்கள் வேனில் ஏறினார்கள். முன்னைவிட ஒரு வண்டி கூடவே நிறைந்தது.

"என்னண்ணே, இன்னைக்கிச் சார்ஜ் போட்டுட்டு வந்தீகளா?" என்று மற்ற கூவுகிறவர்கள் ஓட்டுவார்கள்.

"எனக்குப் போட்டாச்சு. உன் மண்டைக்கு எப்பலே போடுவ?" என்று வண்டு சுருதி மாறாமல் பதில் சொல்லும்.

மாரியாயியின் தம்பி மகன் பாலகுமார், ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், ஒருநாள் அந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டணக் கழிப்பறைக்குப் பின்னால் ஒளிந்து நின்றான். உள்ளே போகிறவர்களுக்கெல்லாம், "உங்கள் நேரம் முடிந்தது, வெளியே வரவும்" என்று அறிவித்தான். மூன்று பேர் அரைகுறையாக ஓடிவந்தார்கள். அன்றைக்கு வேலுசாமி அவனை அடித்த அடி அந்தக் குரலைவிடச் சத்தமாகக் கேட்டது.

கருவிக்குள் ஒரு பேட்டரி. அதைச் செய்த கம்பெனிக்காரன் மட்டுமே செய்கிற அளவு, செய்கிற வடிவம். 2007 மழைக்காலத்தில் அது சோர ஆரம்பித்தது. காலையில் சார்ஜ் போட்டால் சாயங்காலம் வரை வந்தது, மத்தியானம் வரை வந்தது, பிறகு காலை வெயில் ஏறும்வரைதான் வந்தது. வத்தலக்குண்டில் ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவர் வேறு பேட்டரிகளை ஒட்டவைத்துப் பார்த்தார். ஒன்று குறட்டை விட்டது. இன்னொன்று கழுத்தைச் சுட்டது. "இதுக்கு மேல நோண்டுனா உள்ளதும் போயிரும்ணே" என்று கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வேலுசாமி பேச்சை மிச்சம் பிடிக்கத் தொடங்கினார். வீட்டில் கருவியைத் தொடவே மாட்டார். எல்லாப் பேச்சும் பேருந்து நிலையத்துக்கு. மாரியாயி அவர் வாயசைவைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்ளப் பழகினாள், மீதியை அவளே பேசிக்கொண்டாள்.

"ரசம் எப்பிடியிருக்குன்னாச்சும் சொல்லக் கூடாதா? உப்புத் தூக்கலா? சரி, தூக்கல்தான். நாளைக்குக் கொறச்சுப் போடுறேன்."

வேன் நிறுத்தத்துக்குத் தலைவர் வேலுமணி. கெட்ட மனிதர் இல்லை. மாசி பிறந்ததும் வேலுசாமியைத் தனியாகக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

"தப்பா எடுத்துக்காதீகண்ணே. சீசன்ல கூவ ஆளு வேணும். சித்திரை ஒண்ணுக்குள்ள ஒங்க பொட்டி சரியாயிட்டா எடம் ஒங்களுதுதான். இல்லன்னா பண்ணைக்காட்டுப் பய ஒருத்தன் தெனமும் வந்து எங்கிட்டக் கேட்டுக்கிட்டு கெடக்கான். டிரைவருக எல்லாரும் என்னயப் போட்டு நெருக்குறாங்க."

வேலுசாமி டீயை முடித்துவிட்டுத் தலையாட்டினார்.

மறுநாளே மாரியாயியின் சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு, புருஷனும் பெண்டாட்டியுமாக ஏழு ரோட்டுப் பக்கம் சண்முகராஜின் நெட் சென்டருக்குப் போனார்கள். சண்முகராஜ் பழனிக்காரர். மூன்று கம்ப்யூட்டரும் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் வைத்திருந்தார். அதைவிட முக்கியம், வெளிநாட்டில் செல்லுகிற கிரெடிட் கார்டு ஒன்று வைத்திருந்தார். பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு கார்டில் கட்டிக் கொடுப்பதாக ஏற்பாடு. கூலி வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்.

அமெரிக்காவில் ஒரு கடை. பேட்டரியின் படம் திரையில் வந்ததும் மாரியாயி விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இதேதானுங்க. இந்தக் கறுப்பு மூடி இருக்கு பாருங்க."

"பாத்துக்கா, ஸ்கிரீன் அழுக்காயிரும்" என்ற சண்முகராஜ் கட்டங்களை நிரப்பிக்கொண்டே போனார். கடைசிப் பக்கத்தில் நின்றார்.

"அனுப்புற கூலியோட சேத்து அறுவத்தஞ்சு டாலர்ணே. இங்க ஒரு கேள்வி கேக்கான். டாலர்ல கட்டுறியா, இந்திய ரூவாயில கட்டுறியான்னு. ரூவாயின்னா ரெண்டாயிரத்து எழுநூத்தி எம்பதுன்னு இந்தா போட்டே காட்டிட்டான். டாலர்னா எவ்வளவுன்னு பில்லு வந்தாத்தான் தெரியும்."

திரையில் இரண்டு வட்டங்கள். ரூபாய் வட்டத்துக்குப் பக்கத்தில் நம் நாட்டுக் கொடியும், உங்கள் வசதிக்காக, விலை மாறாது என்று ஒரு வரியும் இருந்தன. அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் நாலு வரி இங்கிலீஷ். அதை யாரும் படிக்கவில்லை. அதைப் படிக்கக் கூடாது என்றுதானே அவ்வளவு பொடியாக எழுதுகிறார்கள்.

சண்முகராஜ் கால்குலேட்டரைத் தட்டினார். "டாலர் இப்ப நாப்பதுக்குக் கீழதான் கெடக்கு. பெருக்குனா ரெண்டாயிரத்து அறுநூறுகூட வரலையே. இவன் ஏன் கூடப் போடுறான்?"

வேலுசாமி கருவியை எடுத்தார். மாதக்கணக்காகப் பேருந்து நிலையத்துக்கு வெளியே அதை அவர் எடுக்கவில்லை.

"டாலர் வேண்டாம். நம்ம ரூபாயிலேயே போடு."

அவருக்குப் பத்து வயதாக இருக்கும்போது குடும்பம் சிலோனிலிருந்து கப்பல் ஏறியது. மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீட்டில், பிறந்தவர் அவர். அப்பா முப்பது வருஷம் கொழுந்து சுமந்த கணக்கை முடித்து, வந்த காசை, அந்த ஊர்ப் பேச்சில் சல்லியை, இடுப்புத் துணியில் முடிந்துகொண்டு தலைமன்னாருக்கு வந்தார். துறையில் ஒரு தரகன் ஒட்டிக்கொண்டான். அக்கரையில் இந்தச் சல்லி செல்லாது, இங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள் என்றான். நூற்றுக்கு இவ்வளவு, அதில் கழிவு இவ்வளவு என்று சிலோன் சல்லியிலேயே வேகவேகமாகக் கணக்குப் பேசினான். அப்பா எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினார். அக்கரை சேர்ந்து, மண்டபம் முகாமில் மற்றவர்கள் கையில் இருந்ததையும் தன் கையில் இருந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் பாதி கடலிலேயே போய்விட்டது என்று புரிந்தது. அன்றைக்கு முழுக்க மணலில் உட்கார்ந்திருந்த அப்பா சாயங்காலம் ஒன்று சொன்னார்: "மத்தவன் சல்லியில வெல பேசாத. நம்ம ரூவாயில எவ்வளவுன்னு மொத கேளு. கேட்டுட்டுக் கட்டு."

சிலோனிலிருந்து திரும்பியவர்களோடு வேலுசாமி குடியிருக்கிற குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் இப்படி ஒரு கடலும் ஒரு தரகனும் உண்டு. அங்கே யாரும் புரியாத காசில் ஊசிகூட வாங்க மாட்டார்கள். தன் ரூபாயில் விலை தெரிந்துவிட்டால் ஏமாற வழியில்லை என்பது அவர்களுக்குப் பட்டுத் தெரிந்த பாடம். ஆனால் அந்தப் பாடத்தை எங்கேயோ ஒரு கடைக்காரனும் படித்து வைத்திருந்தான். இவர்கள் பயத்துக்கு என்றே ஒரு வட்டம் வரைந்து, கொடியும் குத்தி வைத்திருந்தான்.

சண்முகராஜ் ரூபாய் வட்டத்தில் தட்டினார்.

மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் கார்டுக்கு பில் வந்தது. இரண்டாயிரத்து எழுநூற்றி எண்பதுக்குக் கீழே இன்னொரு கணக்கு: வெளிநாட்டுக் கட்டணம், அதற்கு வரி, எல்லாம் சேர்த்து நூற்றிப் பத்து ரூபாய். சண்முகராஜ் வேலுசாமியை உட்கார வைத்துக்கொண்டு பேங்குக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஏம்மா, நான் ரூவாயிலதான கட்டுனேன். டாலரே இல்லையே இதுல."

"சார், கடை வெளிநாட்டில் இருப்பதால் கட்டணம் உண்டு" என்றாள் அந்தப் பெண். நல்ல இனிமையான குரல்.

"கடைக்காரன் டாலர ரூவாயா மாத்துறேன்னு ஏற்கனவே எரநூறு ரூவா எடுத்துட்டான்மா."

"அது கடைக்காரருடைய கட்டணம், சார். இது எங்களுடையது."

"ரூவாய ரூவாயா வாங்குறதுக்கு நீங்க எதும்மா மாத்துனீக?"

"வேறு ஏதாவது உதவி வேண்டுமா, சார்?"

வேலுசாமி அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு குரலை வைத்துக்கொண்டு இதையா பேசுகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, சட்டையிலிருந்து நூற்றிப் பத்து ரூபாயை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார்.

"போகட்டும்ணே, பேட்டரி வந்தாப் போதும்" என்றார் சண்முகராஜ்.

பேட்டரி வரவில்லை. கடையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இந்தச் சரக்கை உங்கள் நாட்டுக்கு அனுப்ப எங்களிடம் வழியில்லை, ஆர்டரை ரத்து செய்துவிட்டோம், பணம் திரும்ப வரும், ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம், சிரமத்துக்கு வருந்துகிறோம். பணத்தை வாங்கும்போது இந்த நாடு அவர்கள் கண்ணுக்குத் தெரிந்திருந்தது. கொடியெல்லாம் போட்டு வைத்திருந்தார்கள்.

பங்குனி போய்க்கொண்டிருந்தது. வேறு கடையில் வாங்கலாமென்றால் பணம் எங்கேயோ கடலுக்கு நடுவில் நின்றது. மாரியாயி தெரிந்த இடத்திலெல்லாம் கேட்டாள். சீசனுக்கு முன்னால் யார் கையிலும் காசு இருக்காது. இவர்கள் கையைப் போலத்தான் மற்றவர்கள் கையும்.

ஒரு சனிக்கிழமை நல்ல கூட்டம். வேலுசாமி காலையிலிருந்து கருவியைச் சட்டைக்குள் வைத்துக் கதகதப்பாகக் காப்பாற்றி, பெரிய வேன் வந்து நின்றபோது எடுத்தார். "வத். தலக்." என்றது. அவ்வளவுதான். பொத்தானை விட்டுப் பிடித்தார். தட்டினார். வாய் மட்டும் கூவிக்கொண்டே இருந்தது. குண்டு, பெரியகுளம், தேனி என்று முழுதும் கூவி முடித்தது. மைக்கில் அவர் கழுத்து ஓட்டையின் மூச்சுத்தான் புஸ் புஸ்ஸென்று கேட்டது. ஒரு குழந்தை, "ரோபோ மாமா ஆஃப் ஆயிட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தது. அதன் அம்மா அதன் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனாள். அவர் மைக்கைத் துடைத்து, அதன் கொக்கியில் மாட்டிவிட்டு இறங்கி நடந்தார்.

சித்திரை ஒன்றாம் தேதி பண்ணைக்காட்டுப் பையன் அந்த மைக்கை எடுத்தான். நல்ல குரல்தான், குறை சொல்ல முடியாது. வேலுமணி வீடு தேடி வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வாங்க என்று மாரியாயி கூப்பிடவில்லை.

சீசன் பாதி முடிந்த பிறகு பணம் திரும்பியது. இரண்டாயிரத்து நானூற்று முப்பது. வாங்கும்போது ஒரு விலைக்கு ரூபாயை மாற்றியவன், திருப்பும்போது இன்னொரு விலைக்கு மாற்றியிருந்தான். பேங்குக் கட்டணம் திரும்ப வராதாம். பொருள் ஒன்றும் வாங்காமலே நானூற்று அறுபது ரூபாய் போயிருந்தது. அதைவிட, காத்திருந்ததில் சித்திரை போயிருந்தது.

"நூறு எரநூறு நான் போடுறேன்ணே" என்றார் சண்முகராஜ். "இங்கிலாந்துல ஒரு கடை இந்தியாவுக்கு அனுப்புறானாம். வெலதான் ஒண்ணர மடங்கு. இப்பவே போட்டுருவமா?"

"போடுங்க, மிச்சத்த நான் எப்பிடியாச்சும் பொரட்டித் தாறேன்" என்றாள் மாரியாயி.

கடைசிப் பக்கம் வந்தது. அதே இரண்டு வட்டம். பவுண்டில் கட்டுகிறீர்களா, உங்கள் வசதிக்காக ரூபாயில் கட்டுகிறீர்களா? அதே கொடி. சண்முகராஜ் மவுஸைப் பிடித்த கையோடு திரும்பி வேலுசாமியைப் பார்த்தார். இதில் தொட்டால் அங்கே பிடுங்குவான், அதில் தொட்டால் இங்கே பிடுங்குவான், அனுப்புவானா என்பது மூன்றாவது.

வேலுசாமி வாயை அசைத்தார். மாரியாயி அவர் உதட்டையே பார்த்தாள்.

"என்னக்கா சொல்றாரு?"

"இனி ஏலாதுங்கிறாரு" என்றாள்.

இப்போது வேலுசாமி பள்ளங்கியில் ஒரு தோட்டத்தில் காரட் பிடுங்கிக் கழுவுகிறார். வெள்ளனே போய்விட வேண்டும். தண்ணீர் பனிக்கட்டியாக இருக்கும். கழுவிக் கழுவி விரல் நுனியெல்லாம் வெளுத்து வெடித்திருக்கிறது. குனிந்தே வேலை, கழுத்து ஓட்டையில் தண்ணீர் தெறிக்காமல் துண்டைச் சுற்றிக்கொள்கிறார். தோட்டக்காரருக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. "ஆளுன்னா இப்பிடியில்ல இருக்கணும். ஒரு பேச்சுக் கெடையாது, சோலி மட்டுந்தான்" என்று மற்றவர்களிடம் சொல்லிக் காட்டுகிறார். காரட் ஏற்றிய வேன் கிளம்பி வத்தலக்குண்டுக்குப் போகும்போது வேலுசாமி நிமிர்ந்து பார்ப்பதில்லை. வீட்டில் மாரியாயிதான் இரண்டு பேருக்குமாகப் பேசுகிறாள். நாளாக நாளாக அவள் பேச்சும் குறைந்துகொண்டு வருகிறது.

ஆனால் ஆவணி மாதம் ஒருநாள் தபால்காரர் வாசலில் வந்து மணியடித்தார். கையில் ஒரு பார்சல். பேர் தெரியாத ஒரு நல்ல மனிதர் அனுப்பியிருந்தார். பிரித்தால் கறுப்பு மூடி போட்ட புத்தம்புது பேட்டரி. வேலுசாமி அதைக் கருவியில் மாட்டிக்கொண்டு நேராகப் பேருந்து நிலையத்துக்குப் போனார். பண்ணைக்காட்டுப் பையன் தானே எழுந்து மைக்கைக் கொடுத்தான். அவர் கழுத்தில் கருவியை வைத்து அழுத்தி

இந்த இடத்தில் காகிதத்தின்மேல் ஒரு விரல் வந்து விழுந்தது. நுனி வெடித்த விரல், நகக்கண்ணில் காரட் மண். இத்தனையையும் எழுதிக்கொண்டிருந்த பாலகுமார் தலையைத் தூக்கினான். வேலுசாமி எவ்வளவு நேரமாகப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை. பஸ் போர்டு படித்துப் பழகிய கண்; மெதுவாகப் படித்தாலும் ஓர் எழுத்தை விடாது.

அவர் வாயசைத்தார். உள்ளேயிருந்து வந்த மாரியாயி அதைப் பார்த்துச் சொன்னாள்.

"எந்தத் தபால்காரன் வந்தான்னு கேக்குறாரு."

"அது சும்மா அத்தை. கதைன்னா முடிவு நல்லா இருக்கணும்ல. மாமாவ நான் கேலி பண்ணி எழுதல, வேணும்னா மொதல்லருந்து படிச்சுப் பாக்கச் சொல்லுங்க."

விரல் நகர்ந்தது. ஒவ்வொரு சொல்லாகத் தடவிக்கொண்டு போய், 'பேர் தெரியாத ஒரு நல்ல மனிதர்' என்ற இடத்தில் நின்று இரண்டு தரம் தட்டியது. அப்புறம் காகிதத்தை விட்டு எழும்பி, பாலகுமாரின் சட்டைப் பைமேல் வந்து ஊன்றிக்கொண்டது. வேலுசாமி மறுபடியும் வாயசைத்தார்.

"ஒங்கிட்ட ஏதுலே சல்லின்னு கேக்குறாரு" என்றாள் மாரியாயி.